நீலத்திரையை வாசித்தவர்கள்

பெங்களூரில் பழுதான கணினியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே மந்திரம்தான். "ஃபார்மேட் மாட்பிடோணா சார்?" 2003ல் திருநெல்வேலியில் இருந்து பொட்டி தட்ட இங்கே வந்தபோது எனக்கு முழுசாகப் புரிந்த முதல் கன்னட வாக்கியம் இதுதான். "ஊட்டா ஆய்த்தா" எல்லாம் அதற்கு அப்புறம்தான் :-)

டவுன்ஹால் பக்கத்தில் எஸ்.பி. ரோடு இருக்கிறது. நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்துக்குள் சந்து, அதற்குள் மாடிப்படி, படிக்கு அடியில் ஒரு கடை, அந்தக் கடையில் மதர்போர்டு மலை. அங்கே வேலை பார்க்கும் பையன்களின் கைவேலையைப் பார்த்து அசந்து போயிருக்கிறேன். பொட்டியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எந்த ஃபேன் போச்சு என்று சொல்லுவார்கள். ஆனால் நீலத்திரை என்று வந்துவிட்டால் மட்டும் கதை வேறு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நீலம் வந்துவிட்டதா, சரி, ஃபார்மேட்.

அந்தத் திரையை உட்கார்ந்து வாசித்தவர்களும் இருந்தார்கள். அதில் முக்கியமான ஒருவர் கிண்டியில் படித்து இதே பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர். அவரிடம் போவதற்கு முன் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்வோம்.

முதலில், நீலத்திரையை எழுதியது யார்? ஸ்டீவ் பால்மர் என்று 2014ல் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அது தப்பு என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் அப்போதே விளக்கினார். நீலத்திரை ஒன்றல்ல, மூன்று. 1992ல் வந்த விண்டோஸ் 3.1ல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் ஒரு நீலத்திரை வரும். அதன் வாசகத்தை எழுதியவர்தான் பால்மர். அது சாவு அறிவிப்பு இல்லை, "அந்த புரோகிராம் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறாயா, மூடுகிறாயா" என்கிற விசாரிப்பு. விண்டோஸ் 95ல் வந்த திரையைக் கடைசி வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ரேமண்ட் சென்னே. அதில் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் சில சமயம் பிழைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் உண்மையான மரணத்திரை. 1993ல் வெளியான விண்டோஸ் என்.டி.யில் ஜான் வெர்ட் என்பவர் எழுதியது. ஏன் நீலம் என்றால், பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. அவர் வேலை பார்த்த மிப்ஸ் கணினி கிளம்பும்போது நீலத்தில் வெள்ளை எழுத்து காட்டும். அவருடைய எடிட்டரும் அதே நிறம். கோடு எழுதுவது, பூட் ஆவது, செத்துப் போவது மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

இந்த மூன்றாவது திரை ஏன் வருகிறது என்பதுதான் நம் கடைக்காரர்கள் கவனிக்காத விஷயம். விண்டோஸின் உள்மையமான கெர்னல், தன் நினைவகத்தில் இருக்கக்கூடாதது ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அதற்கு மேலும் ஓடினால் குப்பையை எடுத்து உங்கள் ஹார்ட் டிஸ்கில் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. சும்மா நிற்பதில்லை. காரணத்தின் பெயரையும், முடிந்தால் எந்த ஃபைலில் பிரச்சினை என்பதையும் எழுதிவைத்துவிட்டு நிற்கிறது. மரண வாக்குமூலம் மாதிரி.

இதில் எக்ஸ்பி ஒரு கூத்து பண்ணியது. 2001ல் அது வெளிவந்தபோது, நீலத்திரை வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அமைத்திருந்தார்கள். கண்ணிமைக்கும் நேரம் நீலமாக ஏதோ தெரியும், அதற்குள் விண்டோஸ் லோகோ வந்துவிடும். "சார், சும்மா சும்மா ரீஸ்டார்ட் ஆகுது" என்று வந்த புகார்களில் பாதி இந்த ரகம்தான். அந்த ஒரு டிக் மார்க்கை எடுத்துவிட்டால் வாக்குமூலத்தை நிதானமாகப் படிக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஒவ்வொரு சாவுக்கும் 64 கேபி அளவில் ஒரு ஃபைல். அதைத் திறந்து பார்த்த பழுதுக்கடை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் இந்த வாசிக்காத பழக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஒரு சம்பவம். 2006ல் என்னோடு வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர். மகள் பிறந்து ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்துப் படங்கள் மொத்தமும் ஒரு 80 ஜிபி டிஸ்கில். ஒருநாள் நீலத்திரை. அதில் இருந்த பெயர் "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்". ஒரு கடையில் கொடுத்தார் (பெயர் வேண்டாம்). ஃபார்மேட் பண்ணி, எக்ஸ்பி போட்டு, சாயந்திரமே கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்றே வாரத்தில் திரும்பவும் அதே திரை. இந்தத் தடவை டிஸ்க் கட கடவென்று சத்தமும் போட்டது.

அந்தப் பெயரை வாசித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? விண்டோஸ் தன் நினைவகத்தில் இடம் போதாதபோது ஒரு பகுதியை டிஸ்கில் போட்டு வைத்திருக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுக்கப் போன இடத்தில் டிஸ்க் கொடுக்க மறுத்துவிட்டது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். டிஸ்க் சாகலாம், கேபிள் லூஸாக இருக்கலாம், சில சமயம் ராம் கெட்டிருக்கலாம். எதுவானாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டிஸ்கைக் கழற்றி வேறொரு பொட்டியில் மாட்டி, முதலில் படங்களைக் காப்பி எடுப்பது. ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 7 என்ற எண்ணில் "பேட் பிளாக்" என்று டிஸ்க்கே புகார் எழுதி வைத்திருக்கும். 11 என்றால் கன்ட்ரோலர் பிரச்சினை, கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அந்தப் படங்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தப் பெண் இப்போது கல்லூரி போகிறாள். முதல் பிறந்தநாள் படம் என்று வீட்டில் இருப்பது, தாத்தா ஃபிலிம் கேமராவில் எடுத்த நாலே நாலு பிரிண்ட்.

டிஸ்க் சாகப் போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? 2007ல் கூகுள் ஆட்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து எழுதியது. டிஸ்கின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை வந்துவிட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு பிழை வராத டிஸ்கைவிட 39 மடங்கு அதிகம் என்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. செத்துப் போன டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனையில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. ஆகவே எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, கிண்டிக்காரர் விஷயத்துக்கு வருவோம்.

எக்ஸ்பி காலத்தில் நீலத்திரைகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் எழுதிய கோடு காரணம் இல்லை. பிரிண்டர், சவுண்ட் கார்டு, வீடியோ கார்டு செய்பவர்கள் எழுதிய டிரைவர்கள்தான் காரணம். 2003ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு கட்டுரை, எக்ஸ்பி பழுதுகளில் 85 சதவீதம் டிரைவர்களால் என்று சொன்னது. பில் கேட்ஸுக்கே அனுபவம் உண்டு. 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் மேடையில் விண்டோஸ் 98ஐக் காட்ட ஒரு ஸ்கேனரை மாட்டினார்கள். ஊரே பார்க்க நீலத்திரை.

டிரைவர் கெர்னலுக்குள் உட்கார்ந்து ஓடுவது. அங்கே சில விதிகள் உண்டு. உதாரணத்துக்கு ஸ்பின் லாக். பேச்சிலர் வீட்டில் ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம் என்று வையுங்கள் (பி.டி.எம். லேஅவுட்டில் இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்). உள்ளே போனால் தாழ் போடணும், வரும்போது திறக்கணும். ஒருவன் தாழ் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டால் மற்ற ஐந்து பேரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். டிரைவர் எழுதுகிறவன் பத்து வழியில் ஒழுங்காகத் திறந்துவிட்டு, பதினோராவதாக, எப்போதோ நடக்கிற ஒரு வழியில் மறந்துவிடுவான். சோதனையில் அந்த வழி வராது. உங்கள் வீட்டில் வரும்.

2000ம் ஆண்டு வாக்கில் ரெட்மண்டில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜாமணியும் ஸ்லாம் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். ஸ்ரீராம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, வர்ஜீனியா போய், பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர்கள் செய்தது, டிரைவரை ஓட்டிப் பார்க்காமல், அதன் கோடை எடுத்துச் சுருக்கி, "இந்த லாக் பூட்டியிருக்கிறதா, ஆமா, இல்லை" என்கிற அளவுக்கு எளிமையாக்குவது. பிறகு எல்லா வழிகளிலும் நடந்து பார்ப்பது. தப்பு தெரிந்தால், அது நிஜமான தப்பா, சுருக்கியதால் வந்த பிரமையா என்று திரும்ப அசல் கோடில் சரிபார்ப்பது. பிரமை என்றால் இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்து மறுபடி நடப்பது. கணிதத்தை வைத்துப் பழுது பார்ப்பது என்று சொல்லலாம். இதிலிருந்து வந்த ஸ்டாடிக் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி, விஸ்டா காலத்தில் இருந்து டிரைவர் எழுதுகிற எல்லாருக்கும் கிடைத்தது. அந்தத் துறையில் முக்கியமான கேவ் விருது 2011ல் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இதற்கு நடுவில், 2005 ஜனவரியில் பி. ஆனந்தன் தலைமையில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் பெங்களூரில் தொடங்கியது. ஸ்ரீராம் இங்கே வந்து ஒரு குழுவை நடத்தினார், பின்னாளில் ஆய்வகத்துக்கே தலைவராகவும் இருந்தார். ஆய்வகத்தின் முதல் கட்டடம் சதாசிவ நகரில். எஸ்.பி. ரோட்டில் இருந்து ஆட்டோ பிடித்தால் சில கிலோமீட்டர்தான். ஒரு முனையில் நீலத்திரை வருவதற்கு முன்னாலேயே அதை வாசிக்கத் தெரிந்தவர், இன்னொரு முனையில் வந்த பிறகும் வாசிக்காத கடைகள். இரண்டுக்கும் நடுவில் நம்ம டிராஃபிக்.

டிரைவர்கள் திருந்தத் திருந்த நீலத்திரைகள் குறைந்தன. விண்டோஸ் 7க்குப் பிறகு என் வேலையில் மாதக்கணக்கில் ஒன்றுகூட பார்க்காமல் இருந்ததுண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் காலை 9:39க்கு (நம்ம நேரம்) ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. 78 நிமிஷத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலமாகிவிட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. விமான நிறுவனங்கள் செக்-இன்னுக்கு நம்பியிருந்த நாவிடேர் அமைப்பும் அதே நாளில் முடங்க, கெம்பேகவுடா விமான நிலையத்தில் 10:40ல் இருந்து இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் திண்டாடின. நாட்டின் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸை பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அந்த மென்பொருளின் ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டவை 20. இல்லாத 21வதைத் தேடி, நினைவகத்தில் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது. கெர்னலுக்குள் உட்கார்ந்த டிரைவர் அல்லவா, மொத்தப் பொட்டியும் படுத்துவிட்டது. டிரைவருக்குச் சான்றிதழ் எல்லாம் முறையாக இருந்தது. அது அவ்வப்போது இறக்கிப் படித்துக்கொள்ளும் தகவல் ஃபைல்கள் டிரைவர் இல்லையே, அவை அந்தச் சோதனைகளுக்குப் போவதில்லை. ஸ்லாம் மாதிரி ஆயிரம் கருவி வாசலில் காவல் நின்றாலும், கொல்லைப்புறமாக ஒரு காகிதம் உள்ளே போய்விட்டது.

எனக்கு அன்று பிடித்திருந்தது ஒன்றே ஒன்று. அந்த நீலத்திரைகளில் பலவற்றின் கடைசி வரியில் குற்றவாளி டிரைவரின் பெயர் இருந்தது. ஃபார்மேட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் போய், அந்த நிறுவனத்தின் ஃபோல்டரில் 291 என்ற எண் கொண்ட ஃபைலை அழித்தால் போதும். பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் அதன் 48 இலக்கச் சாவியைத் தேடி அலைய வேண்டும். ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு ஆள் நேரில் போய் உட்கார்ந்து அடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை. இந்த ஊரில் எத்தனை பொட்டி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு, பாதுகாப்பு மென்பொருட்களைக் கெர்னலுக்கு வெளியே தள்ளும் வேலையை மைக்ரோசாஃப்ட் ஆரம்பித்தது. 2025ல் இன்னொன்றும் செய்தார்கள். விண்டோஸ் 11ல் நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கிவிட்டார்கள். 2012ல் சேர்த்த அந்த அழுமூஞ்சியும் போய்விட்டது. ஜான் வெர்ட்டின் நிறம் முப்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். காரணத்தின் பெயரும், சிக்கிய டிரைவரின் பெயரும் மட்டும் கறுப்புத் திரையின் அடியில் சின்ன எழுத்தில் அப்படியே இருக்கின்றன.