பூண்டி தந்த மேயர்

குரங்கணிச் சரிவில் மழை பெய்தால் கொட்டக்குடி ஆற்றில் தண்ணீர் வரும். போடிக்காரர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. வேலைக்காகச் சென்னை போன நம்மில் பலருக்குத்தான் லாரித் தண்ணீரின் அருமை தெரியும். அந்த நகரத்தின் தாகம் தீர்க்க உழைத்த ஒரு மேயரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.

தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பிறந்தவர். வக்கீல், மேடைப் பேச்சில் சிங்கம். 1939-ல் சென்னை மேயரானார். அப்போது மேயர் பதவி ஒரே வருடம்தான். மாலை, வரவேற்பு என்றே அதை ஓட்டியிருக்கலாம். அவரோ குடிநீர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தார்.

மழைக்காலத்தில் கடலுக்கு ஓடிய கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தைப் பூண்டியில் தேக்கி, கால்வாய் வழியே நகரின் ஏரிகளுக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். உலகப்போர் மூண்ட நேரம் அது. இருந்தும் ஆங்கில அரசிடம் வாதாடி ஒப்புதல் பெற்றார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1944-ல் அணை திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1942-ல் மீண்டும் சிறைப்பட்டு, உடல் நலிந்து, 1943 மார்ச் 28-ல் காலமானார். அந்த நீர்த்தேக்கத்துக்கு இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

அவரை அரசியல் குருவாகக் கொண்ட காமராசர் முதல்வராக இருந்தபோதுதான் 1959-ல் வைகை அணை வந்தது. நம்ம கொட்டக்குடித் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

தம்பி, தங்கைகளே! நாளை நீங்களும் ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள். அது எத்தனை வருடம் என்று பார்க்காதீர்கள். நாம் எழுந்துபோன பிறகும் ஊருக்கு உதவும் வேலை ஒன்றையாவது தொடங்கி வையுங்கள்.