கடைசியாக வந்தவனுக்கு என்ன கிடைத்தது? வகுப்பறைக் குழுப்போட்டியின் கதை

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். படிவம் இரண்டில் பதினெட்டுப் பேர். தமிழ்மொழிக்கு எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பாடவேளைதான். பாதிப் பேர் பசியில், மீதிப் பேர் தூக்கத்தில். இவர்களை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி போட்டி. செய்யுளும் மொழியணியும் பகுதியிலிருந்து கேள்வி, மூன்று குழு, வெண்பலகையில் புள்ளி. ஐந்தே நிமிடத்தில் வகுப்பு பசார் மாலாம் மாதிரி ஆகிவிடும். எனக்கும் பெருமைதான்.

ஒரு வியாழக்கிழமை குழு பிரிக்கும்போது ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், இவன வேற குரூப்ல போடுங்க டீச்சர். இவன் இருந்தா எங்களுக்குப் புள்ளியே வராது." புகுமுக வகுப்பு முடித்து வந்தவன் அவன், மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவன். மரபுத்தொடர் எதுவும் மனத்தில் நிற்காது. அவன் சிரித்தான். நானும், "சரி சரி, சீக்கிரம் மாறி உட்காருங்க, நேரமாச்சு"ன்னு சொல்லி அவனை அடுத்த குழுவுக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது: மற்ற நாள்களில் வருகிறான், போட்டி நாளில் மட்டும் இல்லை.

டிப்ளோமா படித்தபோது எழுதிய குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன். 'போட்டி மாணவரின் ஊக்கத்தை வளர்க்கும்' என்று தேர்வில் நானே எழுதி முழுப்புள்ளி வாங்கியிருக்கிறேன். யாருடைய ஊக்கத்தை என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதனால் இந்த வரலாற்றை இந்த முறை ஒரே கேள்வியோடு படித்தேன். ஒவ்வொரு காலத்துப் போட்டியிலும் கடைசியில் நின்ற பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

போட்டி நமக்குப் புதிதில்லை. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திரவிழா அறிவிப்பிலேயே பட்டிமண்டபம் வந்துவிடுகிறது. ஆனால் அது கற்றுத் தேர்ந்தவர்கள் ஏறிய மேடை. கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் போட்டியைப் பார்க்க வேண்டுமானால் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, என்ன கற்பிக்கிறார்கள் என்று மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். பல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி இருக்கிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். அது மரியாதை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழியம். பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது வந்தவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காவதுக்கு இரண்டு. அப்படியே ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். இருபது பேர் இருக்கும் பள்ளி என்றால் கடைசிப் பையனுக்குப் பதினெட்டு அடி! மாட்டைக் கட்டிவிட்டு வந்தவனோ, தம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவனோ, கணக்கு அதையெல்லாம் பார்க்காது.

(பல்லாரி தமிழ்ப்பகுதி அல்ல, தெரியும். ஆனால் நம் பழைய வாத்தியார்களின் பிரம்பு பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்காது.)

அதே பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். நம் சட்டாம்பிள்ளை முறை. கேம்பல் இதைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்கிறார். அவர் குறிப்பிடுவது ஆண்ட்ரூ பெல் வழியாகப் போனதை. ஸ்காட்லாந்துக்காரரான பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வழியில் ஒரு திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் இல்லத்தில் ஆசிரியர்கள் இதைச் செய்ய மறுக்கவே, எட்டு வயது மாணவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று உலகமெங்கும் பரவியது இதுதான்.

நாம் வழக்கமாகக் கதையை இத்தோடு நிறுத்திப் பெருமைப்பட்டுக் கொள்வோம். ஆனால் பெல் அந்த முறைக்குள் போட்டியையும் இறுக்கமாகக் கட்டினார். வகுப்பில் இடம் நிலையானது அல்ல. கீழே நிற்பவன் சரியாகச் சொன்னால் தவறு செய்தவனுக்கு மேலே போய் நிற்பான். தொடர்ந்து முதலில் நிற்பவன் மேல்வகுப்புக்குப் போவான், தொடர்ந்து கடைசியில் நிற்பவன் கீழ்வகுப்புக்கு. அதேசமயம் கெட்டிக்காரன் ஒருவனை மந்தமானவன் ஒருவனுக்குத் துணையாகவும் உட்கார வைத்தார். உதவி ஒரு பக்கம், ஏணி ஒரு பக்கம். இலண்டனில் இதேபோன்ற முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர் ஏணியை இன்னும் உயரமாக்கினார். வென்றவனுக்குப் பதக்கமும் பரிசுச் சீட்டும். தவறியவன் கழுத்தில் மரக்கட்டை. சிலரைக் கூடையில் உட்கார வைத்து மேலே தொங்கவிட்டதும் உண்டு. மற்ற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாளுக்கும் தனியாளுக்கும் நடந்த போட்டி. வகுப்பையே அணியாகப் பிரித்து மோதவிட்டவர்களில் முன்னோடிகள் இயேசு சபையினர். 1599இல் தங்கள் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கல்வித்திட்டத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எதிராளி உண்டு. இவன் ஒப்பிக்கையில் தவறினால் அவன் திருத்துவான். பல பள்ளிகளில் வகுப்பே ரோமர், கார்த்தேஜியர் என இரண்டு பாசறையாகப் பிரிந்து இலத்தீன் இலக்கணத்தில் போரிட்டது. பத்துப் பேருக்கு ஒரு தலைவன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிராளி என்பவன் ஏறக்குறைய உன் அளவுள்ளவன். கெட்டிக்காரனோடு மோதி நீ தினமும் தோற்க வேண்டியதில்லை. இந்த ஒரு சங்கதியை உலகம் மறந்து, மறுபடி கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியப் பள்ளியில் படித்த யாரிடமும் 'நீங்க என்ன ரூமா?' என்று கேட்டால் முப்பது வருஷம் கழிந்தும் சொல்வார்கள், மேரா, பீரு, ஹிஜாவ், கூனிங் என்று. இந்த இல்ல முறை இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது. அங்கே 'இல்லம்' என்பது நிஜமான வீடு. மாணவர்கள் ஒரே கூரையின்கீழ் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் உண்டு உறங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இல்லங்களுக்கிடையே காற்பந்தும் கிரிக்கெட்டும் பள்ளி வாழ்க்கையின் நடுநாயகம் ஆயின. காலனி நாடுகளின் பகல்நேரப் பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டபோது வீடு போய்விட்டது, பெயரும் நிறமும் போட்டியும் மட்டும் மிஞ்சின.

கோலாலம்பூரில் இதற்கு நல்ல சான்று விக்டோரியா கல்விக்கழகம். 1893இல் நிறுவப்பட்டது. முதலில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய ஹை ஸ்திரீட்டில், அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருந்தது. வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கியது. 1929இல்தான் மேட்டில் இருக்கும் இப்போதைய இடத்துக்கு மாறியது. அதன் இல்லங்களுக்கு மனிதர்களின் பெயர்: சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த திரிச்சர், தலைமையாசிரியர் ஷா, கப்பித்தான் யாப் குவான் செங். இவர்களோடு தம்புசாமி இல்லம். ஆம், பத்துமலையோடும் மகாமாரியம்மன் கோயிலோடும் நாம் சேர்த்து நினைக்கும் அதே கா. தம்புசாமிப் பிள்ளைதான். 1902இல் மறைந்த அவர், அப்பள்ளியின் தொடக்ககால அறங்காவலர்களில் ஒருவர். தமிழ்ப்பிள்ளை அல்லாத ஒரு பையன்கூட ஓட்டப்பந்தயத்தில் தம்புசாமி என்ற பெயருக்காக ஓடியிருப்பான் என்பதை நினைத்தால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் பெயரில் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. பல தமிழ்ப்பள்ளிகளில் இல்லங்களுக்கு வள்ளுவர், கம்பர், ஒளவை, பாரதி என்று பெயர் வைக்கிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வசதியெல்லாம் அப்போது கிடையாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், மூன்று நான்கு வகுப்பு. அங்கே சட்டாம்பிள்ளை இல்லாமல் பாடமே நடக்காது.

இல்ல முறையில் கடைசிப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? முதல்முறையாக, சேர்ந்து நிற்க ஓர் இடம். ஓடத் தெரியாதவனும் கொடி பிடிக்கலாம், கத்தலாம், தன் ரூமா ஜெயித்தால் அவனும் ஜெயித்தவன். குறுக்கோட்டத்தில் கடைசியாக வந்தாலும் குறித்த நேரத்துக்குள் வந்தால் புள்ளி கொடுக்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் இதே இல்லம் புதிர்ப்போட்டி நடத்தினால் யாரை அனுப்பும்? முதல் மூன்று பேரை. மற்றவர்கள் கைதட்ட.

அணி உணர்ச்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு குழுவாகப் பிரித்தார். கயிறிழுப்பு, பேஸ்பால், வெல்பவர்களுக்குப் பரிசு. சில நாள்களிலேயே கொடியை எரித்தார்கள், அறையைச் சூறையாடினார்கள். ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்ததால் பகை தீரவில்லை. தண்ணீர் வரத்து நின்றபோது இரண்டு குழுவும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேலைகளில்தான் மெல்லத் தணிந்தது. பரிசு பெரிதானால் வகுப்பில் வாய்ச்சண்டையும் பெரிதாகும் என்பது நமக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். அதனால் என் போட்டிக்கு மைலோகூட பரிசு கிடையாது.

திருப்பம் வந்தது 1970களில், பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில். அமெரிக்காவில் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்த காலம். டேவிட் டிவ்ரீஸ், கீத் எட்வர்ட்ஸ் இருவரும் 'குழு விளையாட்டுப் போட்டி' முறையை உருவாக்கினார்கள். திறன் கலந்த நான்கைந்து பேர் ஒரு குழு. முதலில் குழுவாகப் படிப்பார்கள். போட்டி மேசையில் மட்டும் குழு கலைந்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஏறக்குறைய ஒரே திறனுள்ளவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். பழைய 'எதிராளி' முறை திரும்பி வந்த மாதிரி இல்லையா? மேசையில் பெற்ற புள்ளியை அவரவர் குழுவுக்கு எடுத்துப் போவார்கள். அங்கேயே ராபர்ட் ஸ்லேவின் இதை எளிமையாக்கினார். போட்டி மேசைக்குப் பதில் தனித்தனிச் சிறுதேர்வு. குழுவுக்குச் சேர்வது அவன் வாங்கிய புள்ளி அல்ல, தன் பழைய நிலையைவிட எவ்வளவு ஏறினான் என்பது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மாணவரின் முந்தைய சிறுதேர்வுகளின் சராசரி அவரது அடிப்படைப் புள்ளி. அதற்குக் கீழே 10க்கு மேல் சரிந்தால் குழுவுக்கு 5. 1 முதல் 10 வரை சரிந்தால் 10. அடிப்படையிலிருந்து 10 வரை ஏறினால் 20. அதற்கும் மேல் ஏறினால் 30. முழுப்புள்ளி எடுத்தால் அடிப்படை எதுவானாலும் 30. ஆக, 35 அடிப்படையுள்ளவன் 47 எடுத்தால் குழுவுக்கு 30 கொண்டு வருவான். 90 அடிப்படையுள்ளவள் 85 எடுத்தால் 10தான். பல்லாரியில் வரிசையின் கடைசியில் நின்று அடி வாங்கியவன், இங்கே குழுவுக்கு அதிகம் தரக்கூடியவன். அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது மற்றவர்களுக்குக் கருணை அல்ல, சொந்த இலாபம். பெல் தனித்தனியாக வைத்த உதவியும் ஏணியும் இங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன.

இப்போது பலரும் கணினி அறையில் கஹூட் வைக்கிறோம். நானும் வைக்கிறேன். ஆனால் வேகமாக அழுத்துபவனுக்கு அதிகப் புள்ளி, கடைசியில் முதல் மூன்று பேருக்கு மேடை. பளபளப்பையும் இசையையும் நீக்கிப் பார்த்தால் அது பெல்லின் இடம் மாறும் வரிசைதான்.

நான் வியாழக்கிழமைப் போட்டியை மாற்றினேன். குழுவை நானே பிரித்து எட்டு வாரத்துக்கு மாற்றவில்லை. முதல் இருபது நிமிடம் குழுவாகப் படிப்பு, பிறகு பேசாமல் பத்துக் கேள்விச் சிறுதேர்வு. வகுப்பில் பசார் மாலாம் சத்தம் குறைந்துவிட்டது, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பையனின் அடிப்படைப் புள்ளி 28. மூன்றாவது வாரம் 40 எடுத்தான். "டேய், முப்பதுடா!" என்று கத்தியது, முன்பு அவனை வேண்டாம் என்று சொன்ன அதே பெண். அவள்தான் 'கரி பூசுதலை' அவனுக்கு நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இப்போது எனக்கு வேறொரு வழக்கு. அவளே போன வாரம் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், என் அடிப்படை 92. நான் 90 எடுத்தேன். அவன் 50 எடுத்தான். அவனுக்கு முப்பது, எனக்குப் பத்தா? இது நியாயமா டீச்சர்?" நியாயமான கேள்வி. பத்தே கேள்வி என்பதால் ஒன்றில் சறுக்கினாலே அவள் தன் அடிப்படைக்குக் கீழே போய்விடுகிறாள். கேள்விகளை இருபதாக்கி, அவற்றில் நான்கைப் படிவம் மூன்றின் மொழியணியிலிருந்து எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இப்படிச் செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.