நாட்டுக்காகன்னு சொல்லும்மா

ஆகஸ்ட் நெருங்கினால் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் குறும்படக் காய்ச்சல் தொடங்கிவிடும். முன்னாள் படைவீரர்களைப் பற்றி மாணவிகள் எடுத்துவரும் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். டிரங்குப் பெட்டியிலிருந்து பதக்கம் வெளியே வரும். தாத்தா விறைப்பாக நிற்பார். பாட்டி காபி டம்ளரை வைத்துவிட்டு, கேமராவைக் கண்டதும் சட்டென ஒதுங்கிக்கொள்வார். படைவீரர் என்றால் ஆண் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. கேமராவை எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே அது இருக்கிறது.

2009இல் என் வகுப்பு மாணவிகள் நான்கு பேர் இரவல் வாங்கிய ஹேண்டிகேமில் எடுத்த படம் இந்த அச்சில் அடங்கவில்லை. அதில் படைவீரரே பாட்டிதான். நால்வரில் ஒருத்தியின் அப்பாவைப் பெற்றவர். மலாயாத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். பிறகு இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர்.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த சில நாட்களிலேயே பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தது. படையில் ஆயிரம் பேர் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதிகூட இல்லை என்கிற ஆய்வும் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அதில் ஏராளம் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. எந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்தார்களோ, அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் அவர்களில் பலர்.

லட்சுமியின் நினைவுகள் நூலாக வந்திருக்கின்றன. கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி தேவரும் பின்னாளில் பேட்டிகள் தந்திருக்கிறார். மரம் சீவிய பெண்களிடமிருந்து நமக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். ஆகவே கிரைண்டர் இரைச்சலும் கோழிக் கொக்கரிப்பும் பதிவான அந்த அமெச்சூர் படத்தை நான் ஓர் ஆவணமாகவே பார்க்கிறேன்.

"ஏன் பாட்டி படையில சேந்தீங்க?" என்று பேத்தி கேட்கிறாள்.

"அண்ணனைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. லயத்துல அரிசி இல்ல, மரவள்ளிக் கிழங்குதான். கேம்ப்ல சோறு போடுறாங்கன்னாங்க."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: "அம்மா, நாட்டுக்காகன்னு சொல்லும்மா." மகனுடைய குரல்.

பாட்டி ஒரு கணம் நிறுத்துகிறார். "அதுவுந்தான். நேதாஜி பேசினது எனக்கு ஒண்ணும் புரியல. ஒருத்தர் தமிழ்ல எடுத்துச் சொன்னாரு. அப்புறம் என் பேரைக் கேட்டு எழுதினாங்க. தோட்டத்துல கிராணி இன்னாரு மகன்னுதான் எழுதுவாரு."

இந்தப் பகுதியை வெட்டுவதா வைப்பதா என்று நால்வரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தார் என்றால் பாட்டிக்கு அவமானம் என்றாள் ஒருத்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினியில் கிடந்தன. சயாம்-பர்மா ரயில்பாதைக்காகப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் அங்கேயே மாண்டார்கள். அண்ணன் போய்விட்ட லயத்தில் தனித்து நிற்கும் இளம்பெண்ணுக்கு முகாம் என்பது சோறு, பாதுகாப்பு, சொந்தப் பெயர். நாடு என்ற சொல்லுக்கு அவள் மனதில் இவையெல்லாம்தான் பொருளாக இருந்திருக்கும். ஆண் வீரரிடம் சம்பளத்துக்காகச் சேர்ந்தீர்களா என்று நாம் கேட்பதே இல்லையே.

படம் போர்க்களத்துக்குப் போகவில்லை; இந்தப் படையும் முன்னணிச் சண்டைக்கு அனுப்பப்படவில்லை. பர்மாவுக்குப் போன பிரிவினர் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கும் வழியில் ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தனர்.

அதன் பிறகான மௌனம்தான் படத்தின் நெஞ்சைப் பிடிக்கும் பகுதி. ஊர் திரும்பிக் கல்யாணம் பேசியபோது, முகாமில் இருந்ததை மூச்சுவிடக் கூடாது என்று பாட்டியிடம் அவர் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். வீட்டை விட்டு இரண்டு வருடம் ஆண்களும் உள்ள ராணுவத்தில் இருந்தவளை யார் கட்டுவார்கள்? 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அதற்குச் சான்று வேண்டும். பாட்டியிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருந்திருந்தாலும் விண்ணப்பித்திருக்க மாட்டார். கணவருக்கே தெரியாத சேதி அது. கணவர் போன பிறகுதான் மகனிடம் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் மகனின் குரலையும் சேர்த்தே வைத்தார்கள். அவர் திரையிடலுக்கு வரவில்லை. பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார்.

"பூட்ஸ் பத்திச் சொன்னேனே, அதை ஏன் எடுத்துட்டீங்க?"

அதுவரை செருப்புகூடப் போட்டறியாத கால்கள். முதல் பூட்ஸ் போட்ட அன்று கொப்புளம் கண்டும், கழற்ற மனமில்லாமல் அதோடேயே படுத்துத் தூங்கியதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தார். போட்டி விதிப்படி படம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதால் அதை வெட்டியிருந்தார்கள். அன்று மாலையே பூட்ஸைத் திரும்பச் சேர்த்தார்கள். படம் பன்னிரண்டு நிமிடமாயிற்று. போட்டிக்கு அனுப்பவில்லை.