காற்று ஊட்டிய பற்றறி

மின்கம்பி எட்டாத ஊரில் வானொலிப் பெட்டியை வாங்குவதினும் அதனைப் பேசவைப்பதே பெரும்பாடு. ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளிக் கமக்காரர் இதனை நன்கறிந்திருந்தனர். 1930களின் நடுப்பகுதியிலுங்கூட அந்நாட்டுப் பண்ணைகளிற் பத்தில் ஒன்றளவிற்கே மின்சாரம் கிட்டியிருந்தது. எனவே பலர் மோட்டார் வண்டியின் 6 வோல்ற்றுப் பற்றறியைக் கழற்றி வானொலியுடன் இணைத்தனர். கோதுமையின் சந்தை விலையும் வானிலை அறிவிப்பும் அதன் வழியே வீட்டுக்கு வந்தன. பற்றறி தீர்ந்ததும் வீடு ஊமையாகிவிடும். அதனை நகரத்துக்குச் சுமந்து சென்று, கூலி கொடுத்து மின்னேற்றிவர வேண்டும். விளைபொருளின் விலை வீழ்ந்த அக்காலத்தில் அச்சிறு கூலியுங் கனத்தது.

இதற்கு அவர்கள் கண்ட வழி பழைய இரும்புக் குவியலிற் கிடந்தது. கைவிடப்பட்ட வண்டியின் மின்பிறப்பாக்கியை எடுத்தனர். மரப்பலகையொன்றை விமானச் சுழலிபோலச் செதுக்கி அதன் அச்சிற் பூட்டினர். காற்றின் திசைக்குத் திரும்பும்படி வாலொன்றையும் பொருத்திக் கம்பத்தில் ஏற்றினர். ஆனால் காற்று ஓய்ந்ததும் பற்றறியிலுள்ள மின்சாரம் பிறப்பாக்கிக்கே திரும்பிப் பாய்ந்து வீணாகுமே! வண்டியோடு வந்த சிறு துண்டிப்பான் அதற்கு உதவிற்று. பிறப்பாக்கியின் மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்தபோது அது சுற்றை இணைத்தது, மின்சாரம் திரும்பத் தொடங்கியபோது பிரித்தது. சுழலியின் அழகை வியப்போர் பலர். எனக்கோ இத்துண்டிப்பானே அப்பொறியின் உயிர் என்று தோன்றுகிறது.

வேகமும் ஒரு சிக்கலாயிற்று. மொன்டானாவில் ஜேக்கப்ஸ் சகோதரர் முதலில் நீரிறைக்கும் பல இதழ்க் காற்றாடியைக் கொண்டு முயன்றனர். அது நீரிறைக்கப் போதுமாயினும், மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய வேகத்திற் சுழலவில்லை. பின்னர் அவர்கள் மூன்று இதழ்ச் சுழலிக்கு மாறித் தொழிற்சாலையே நிறுவினர். 1933இல் அந்தாட்டிக்கா நோக்கிப் புறப்பட்ட அட்மிரல் பேர்டின் குழுவும் அவர்களது பொறியொன்றைக் கொண்டுசென்றது.

1935இல் செனித் வானொலி நிறுவனம் அயோவாவின் வின்சார்ஜர் நிறுவனத்தோடு சேர்ந்து, தன் பண்ணை வானொலியை வாங்குவோருக்குக் காற்று மின்னேற்றியை மலிவாக விற்கலாயிற்று. அதே ஆண்டிற்றான் குடியரசுத் தலைவர் ரூசவெல்ற் கிராம மின்னூட்டல் நிருவாகத்தை ஏற்படுத்தினார். 1950களில் பெரும்பாலான பண்ணைகளை மின்கம்பி எட்டிவிட்டது. வீட்டிற் செய்த சுழலிகள் ஒவ்வொன்றாய்க் கம்பத்திலிருந்து இறங்கின.