இரு துளைகளுக்கு இடைப்பட்ட நிலம்: மேற்குச் சென்னைப் புறநகரை முன்வைத்து மின்வழி நிலத்தடி ஆய்வின் வரலாறு

முன்னுரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியன ஏரிப்பாசனத்தைச் சார்ந்திருந்த ஊர்கள். தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் பெருகியபின் இங்கு ஆழ்துளைக் கிணறுகள் மிகுந்தன. தோண்டாமலே நிலத்தடியை அறியும் மின்வழி முறைகளின் வளர்ச்சியையும், இவ்வட்டாரத்தில் அவற்றுக்குள்ள எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலவியற் பின்புலம்

சென்னைச் சூழலின் நிலவியலை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளை விவரித்தார். ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வண்டலுக்கு அடியில் கோண்டுவானாக் காலக் களிப்பாறை காணப்படுகிறது. வடக்கே கொசத்தலையாற்றுப் படுகையில் நீர்தாங்கும் மணற்படிவுகள் உள்ளன. 1966–69இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களைக் கிணற்றுப் புலங்களாக இனங்கண்டது. பின்னர், மிகை இறைப்பினால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது.

மின்வழி முறைகளின் வளர்ச்சி

கான்ராட் ஸ்லும்பெர்ஜே 1912இல் பிரான்சில் மின்வழி நில ஆய்வைத் தொடங்கினார். நான்கு மின்முனைகளைக் கொண்டு மண்ணின் மின்தடைத்திறனை அளக்கும் முறையை ஃபிராங்க் வென்னர் 1915இல் வெளியிட்டார். 1927இல் பெஷல்பிரான் எண்ணெய்ப் புலத்தில் துளைக்குள்ளேயே மின்னளவீடு எடுக்கப்பட்டது. தரைமட்ட அளவீட்டின் நுண்மை ஆழம் கூடக் குறையும். ஒற்றைத் துளையின் அளவீடோ அதன் அண்மையை மட்டுமே காட்டும். இவ்விடைவெளியை நிரப்ப, இரு துளைகளிலும் மின்முனைகளை இறக்கி, இடைப்பட்ட நிலத்தின் கடத்துதிறனைப் படிமமாக்கும் முறை உருவாயிற்று. டெய்லி, ஓவன் ஆகியோரின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

கணிப்பின் எல்லை

அளவீட்டிலிருந்து நில அமைப்பை உய்த்துணர்வதே இம்முறையின் அடிப்படை. ஆயின், ஒரே அளவீட்டுத் தொகுதிக்கு வெவ்வேறு அமைப்புகள் பொருந்தக்கூடும். கணிப்பு அவற்றுள் ஒன்றையே தேர்கிறது. அவ்வாறு தேர்ந்த படிமம் சரியாக அமைந்தாலும் பொருள்கோள் சிக்கல் எஞ்சும். களிப்பாறையும் மின்னை எளிதில் கடத்தும். உவர்நீர் நிறைந்த மணலும் கடத்தும். ஆதலால் ஒரே குறைந்த தடைமதிப்பு ஆவடியில் களியையும் மீஞ்சூரில் உப்பையும் குறிக்கக்கூடும். முன்னது நிலத்தின் இயல்பு. பின்னது மனிதர் விளைத்த கேடு. இரண்டையும் மயக்கினால், இறைப்பைக் குறைக்க வேண்டிய இடமும் கிணறு தோண்டத் தகாத இடமும் ஒன்றாகத் தோன்றும்.

நிறைவுரை

இம்மயக்கத்தை நீக்குவன, துளையிடுங்கால் வெளிவந்த மண்ணின் அடுக்கு விவரமும் நீரின் உப்பளவுமே. ஒவ்வொரு துளையின் பதிவும் பேணப்பட்டாலன்றி, எத்துணை நுண்ணிய கணிப்பும் இவ்வட்டாரத்தில் ஐயத்துக்கு இடமாகவே நிற்கும்.