எந்தத் தெரு?

வண்ணாரப்பேட்டை என்கிற பெயரே ஒரு சாதியின் பெயர். கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்த மக்கள் குடியிருந்த இடம். கம்பெனி போனது, கப்பல் போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போதே நம்மைப் பற்றிப் பாதி சொல்லிவிடுகிறோம். மீதியை நேர்முகத்தில் கேட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ. முடித்து ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது என்னையும் கேட்டார்கள். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று ராத்திரியெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். "வண்ணாரப்பேட்டையா? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" அவ்வளவுதான். தொகையும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை. என்னிடம்தான் குறை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண். அதில் நேர்முகத்துக்கு மட்டும் 75. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அதிகம் என்றது. 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். அதிலும் கேட்டது பெற்றோர் யார், வீடு எங்கே என்பதைத்தான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, கேள்வி பதிலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றது நீதிமன்றம்.

பிறகு என்ன ஆனது? 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வுப் படிப்புக்கு விதி போட்டது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு. அதைத் தாண்டினால் எல்லாம் நேர்முகம்தான். சேலத்திலிருந்து ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யப் போன தலித் மாணவர் முத்துகிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறந்துபோனார். நேர்முகத்தில் சமத்துவம் இல்லை என்று அதற்குச் சில நாள் முன்புதான் முகநூலில் எழுதியிருந்தார். 2018இல் விதி 70க்கு 30 என்று மாறியது. 15 எங்கே, 30 எங்கே?

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நேர்முகத்துக்குத் தயாராக என்னிடம் வந்தாள். முதல் கேள்வியே இதுதான்: "அக்கா, அண்ணாநகர்ல சித்தி வீடு இருக்கு. அந்த அட்ரஸ் குடுத்துடவா?"

எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம்மா என்றேன். நான் கேட்கிறவளாக உட்கார்ந்தேன். நாலு தடவை தலை குனிந்தாள். ஐந்தாம் தடவை நிமிர்ந்தாள்: "வண்ணாரப்பேட்டைதான் சார். அப்பா ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டுறார். என் ஆய்வைப் பத்திச் சொல்லட்டுமா?"

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். வெளியே வந்ததும் உள்ளே எத்தனை நிமிடம் இருந்தாய், என்னென்ன கேட்டார்கள் என்று தேதி போட்டு எழுதி வை. ஒலிப்பதிவு அவர்கள் செய்யமாட்டார்கள். நம் சாட்சியம் நம் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும்.

நான் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை.