கூண்டு மீன் எந்த அரசின் பொறுப்பு? பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரச் சால்மன் வளர்ப்பும் ஒழுங்குமுறை அதிகாரமும் (1988–2024)

கனடாவின் மேற்குக் கடலோர மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் சால்மன் வளர்க்கும் முயற்சி 1970களில் சிறு அளவில் தொடங்கிப் பின்னர்ப் பெருந்தொழிலாயிற்று. கூண்டில் வளர்வது பெரும்பாலும் அட்லாண்டிக் சால்மன். வெளியே நீந்துவன பசிபிக் சால்மன் இனங்கள். இரண்டுக்கும் இடையே இருப்பது வலை மட்டுமே. கழிவும் நோய்க்கிருமியும் கடற்பேன் எனும் ஒட்டுண்ணியும் அதனைத் தடையின்றிக் கடப்பன. இத்தொழிலைக் கண்காணிக்க வேண்டிய அரசு எது என்ற வினாவுக்குக் கிடைத்த விடை எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் கடல், உள்நாட்டு மீன்பிடித்துறைகளை நடுவண் நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தது. சொத்துரிமை மாகாணங்களின் அதிகாரமாயிற்று. மீன் வளர்ப்பைப் பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை. 1988இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பண்ணைகளுக்கு உரிமம் வழங்கும் பணி மாகாணத்திடம் சென்றது. 1995இல் புதிய பண்ணைகளுக்கு மாகாணம் விதித்த தடை 2002இல் நீங்கியது. இவ்வாறு, கூண்டு மீன் ஓர் அரசின் கணக்கிலும் காட்டு மீன் மற்றோர் அரசின் கணக்கிலும் இருந்தன. ஒன்று மற்றதைப் பாதித்தால் பொறுப்பேற்பவர் எவர் என்பதை அவ்வுடன்பாடு தெளிவாக்கவில்லை. நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினை பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாகவும் அமைந்துவிட்டது.

உயிரியலாளர் அலெக்சாண்ட்ரா மார்ட்டன் உள்ளிட்டோர் இப்பிரிவினையை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றனர். கூண்டில் அடைபட்ட மீன் தனியார் சொத்தா, மீன்பிடித்துறையின் பகுதியா என்பதே வழக்கின் மையம். சொத்து எனில் பண்ணை வேளாண்மைக்கு நெருங்கியதாகி மாகாணத்தின் வரம்புக்குள் வரும். பண்ணையாளருக்குத் தம் மீன்மீதுள்ள உடைமை ஒருபுறம் இருக்க, பண்ணை அமைந்திருப்பதோ பொதுக் கடலில். 2009 பிப்ரவரியில் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி கிறிஸ்டபர் ஹிங்க்சன், துடுப்புமீன் வளர்ப்பு மீன்பிடித்துறையே என்றும், அதனை ஒழுங்குபடுத்துவது நடுவண் அரசின் அதிகாரம் என்றும் தீர்ப்பளித்தார். கடற்படுகைக் குத்தகை மாகாணத்திடமே நீடித்தது. 2010 டிசம்பரில் நடுவண் அரசின் பசிபிக் நீர்வாழ் உயிரின வளர்ப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அதிகாரம் இடம் மாறியதே தவிர, அதனுள் இருந்த முரண்பாடு அகலவில்லை. காட்டு மீனைக் காக்கவேண்டிய மீன்வளம் மற்றும் பெருங்கடல்கள் துறையே பண்ணைத் தொழிலை வளர்க்கும் பணியையும் மேற்கொண்டிருந்தது. 2009இல் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பிய சாக்கை சால்மனின் எண்ணிக்கை எதிர்பார்ப்புக்கு மிகக் கீழே வீழ்ந்தபோது அமைக்கப்பட்ட புரூஸ் கோகன் ஆணையம், அவ்வீழ்ச்சிக்கு ஒற்றைக் காரணம் எதையும் சுட்டவில்லை. எனினும் 2012 அறிக்கையில், தொழிலை ஊக்குவிக்கும் பணியை அத்துறையிடமிருந்து நீக்குமாறு பரிந்துரைத்தது. டிஸ்கவரி தீவுகளில் பண்ணைகளின் இடர் மிகக் குறைவானதே என 2020 செப்டம்பர் 30க்குள் உறுதிப்படாவிடில் அவற்றை விலக்குமாறும் கூறியது. ஆணையத்தின் முதன்மையான பங்களிப்பு இந்தக் கெடுவைக் காட்டிலும், ஊக்குவிப்பவரும் காவலரும் ஒருவராய் இருத்தலாகாது என்ற முதற் பரிந்துரையிலேயே உள்ளது எனலாம்.

2020 டிசம்பரில் அத்தீவுகளின் பண்ணைகளை 2022க்குள் அகற்ற அமைச்சர் பெர்னடெட் ஜோர்டன் முடிவெடுத்தார். பண்ணை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், அம்முடிவு நடைமுறை நியாயத்திற்கு ஒவ்வாதது எனக் கூறி நடுவண் நீதிமன்றம் 2022இல் அதனை நீக்கியது. மீண்டும் கலந்தாலோசித்தபின், 2023 பிப்ரவரியில் அமைச்சர் ஜாய்ஸ் மர்ரே 15 பண்ணைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார். மாகாணம் முழுவதும் திறந்த வலைக்கூண்டு முறைக்கு 2029 ஜூன் 30உடன் முடிவு என்னும் அறிவிப்பு 2024 ஜூனில் வெளியானது; அந்நாள்வரை செல்லுபடியாகும் 5 ஆண்டு உரிமங்களும் அவ்வறிவிப்பின் பகுதியாகவே அமைந்தன.